அகழி நிலம் முதல் வரன்முறைக் கட்டணம் வரை: கீழக்குயில்குடியை முன்வைத்து மதுரைப் புறநகர்க் குடியிருப்பு வளர்ச்சியும் அதன் செலவும்

ஆய்வுச்சுருக்கம்

புதிதாக வீடுகள் எழும்பும் இடத்தில் சாலை, குடிநீர், வடிகால், பொதுவெளி ஆகியவற்றுக்கான செலவை யார் ஏற்பது என்னும் வினாவுக்கு மதுரை வட்டாரம் கடந்த இரு நூற்றாண்டுகளில் வெவ்வேறு விடைகளைக் கண்டுள்ளது. 19ஆம் நூற்றாண்டில் கோட்டை அகழி தூர்க்கப்பட்ட முறை, 1920ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டம், 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம், 2007ஆம் ஆண்டுத் திருத்தம், 2017ஆம் ஆண்டு வரன்முறை விதிகள் ஆகியவற்றை இக்கட்டுரை கால வரிசையில் ஒப்பிடுகிறது. கட்டணம் செலுத்துவோருக்கும் அது செலவாகும் இடத்துக்கும் இடையில் படிப்படியாக ஏற்பட்ட விலகலை இடம், காலம், பொருள் என்னும் மூன்று நிலைகளில் பகுத்துக் காட்டுகிறது. நகர விளிம்பில் ஊராட்சியாகவே நீடிக்கும் கீழக்குயில்குடி இவ்வாய்வின் நோக்குநிலையாக அமைகிறது.

திறவுச்சொற்கள்: வளர்ச்சிக் கட்டணம், மனைப்பிரிவு, திறந்தவெளி ஒதுக்கீடு, வரன்முறைப்படுத்தல், ஊராட்சி, கண்மாய், மதுரை, கீழக்குயில்குடி

முன்னுரை

ஓர் ஊரின் எல்லையில் நூறு வீடுகள் புதிதாக எழும்பினால் அவ்வூரின் பொதுச்செலவு உயர்கிறது. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி போதாமற் போகிறது. மழைநீர் ஓடிய வழி மறைகிறது. குப்பை அகற்றும் பணி பெருகுகிறது. இச்செலவை முன்பே குடியிருப்போர் வரியாகப் பகிர்ந்து ஏற்பதா, புதிதாக வருவோர் ஒரு முறைக் கட்டணமாகச் செலுத்துவதா, நிலத்தை மனையாக்கி விற்போர் ஏற்பதா என்பது எல்லா நாடுகளிலும் எழுந்த வினா. அமெரிக்க நாட்டின் பல மாநிலங்களில் உள்ளாட்சிகள் புதுக்கட்டுமானத்தின் மீது தாக்கக் கட்டணம் விதிக்கின்றன. இங்கிலாந்தில் 2008ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின் வழி சமுதாய உட்கட்டமைப்புத் தீர்வை வந்தது. தமிழ்நாட்டில் இதே பணியை வளர்ச்சிக் கட்டணம், உட்கட்டமைப்பு மற்றும் வசதிகள் கட்டணம், திறந்தவெளி ஒதுக்கீடு ஆகியவை செய்கின்றன.

இவை பற்றிய விவாதம் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு எவ்வளவு என்னும் அளவிலேயே நின்றுவிடுகிறது. கட்டணம் எந்தக் கட்டத்தில், யாரிடம் பெறப்படுகிறது, எங்கே, எதற்காகச் செலவாகிறது என்னும் வினாக்கள் வரலாற்று நோக்கில் போதிய அளவு எழுப்பப்படவில்லை. விகிதத்தைக் காட்டிலும் இம்மூன்றுமே கட்டணத்தின் நியாயத்தைத் தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

கீழக்குயில்குடி: நகரை நோக்கிய ஊர்

மதுரை நகரின் மேற்கே, நாகமலைக்குத் தெற்கே சமணர்மலையின் அடியில் கீழக்குயில்குடி அமைந்துள்ளது. செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் ஆகிய இடங்களில் உள்ள சமணத் திருமேனிகளும், கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் ஆய்வுலகம் நன்கறிந்தவை. மலையடிவாரத்தில் அய்யனார் கோயிலும் தாமரைக் குளமும் உள்ளன.

ஊரின் அண்மைக்கால வரலாறு நகரோடு கொண்ட பொருளியல் உறவால் அமைந்தது. மதுரை நகர வீடுகளுக்குக் காவல் புரிந்து, அதற்குரிய கூலியை வீட்டாரிடம் நேரடியாகப் பெற்ற பிறமலைக் கள்ளர் ஊர்களுள் கீழக்குயில்குடியும் ஒன்று. இடைக்காலக் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்னும் பெயரில் காணப்படும் காவல் வரியை இங்கு ஒப்புநோக்கலாம். காலனிய அரசு இக்காவல் முறையைக் குற்றமாகக் கருதியது. 1914இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கீழக்குயில்குடிக் கள்ளர் மீது பாய்ந்தது. பின்னர் அது பிற கள்ளர் ஊர்களுக்கும் விரிந்து, 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூர்த் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது.

இந்நிகழ்வு அரசியல் வரலாறாகப் பலரால் ஆராயப்பட்டுள்ளது. அதன் நிதியியல் பக்கம் இங்குக் கவனத்துக்குரியது. நகரத்து வீடு ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு தொகை புறநகர் ஊருக்கு வந்துகொண்டிருந்த வழி அடைபட்டது. காவல் அரசின் பணியானது. அதற்கான பணமும் அரசுக் கருவூலத்தின் வழியே ஓடத் தொடங்கியது. சேவை பெறுபவரும் சேவை தருபவரும் நேருக்கு நேர் கணக்குத் தீர்த்துக்கொண்ட முறை மறைந்து, இடையில் அரசு நிற்கும் முறை வந்தது. வீட்டுமனைக் கட்டணங்களின் வரலாற்றிலும் இதே மாற்றத்தைக் காணலாம்.

அகழி நிலம்: செலவும் பயனும் ஓரிடத்தில்

நாயக்கர் காலக் கோட்டை மதிலும் அகழியும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை மதுரை நகரை வளைத்து நின்றன. பயன்பாடிழந்த அகழி கழிவு தேங்கும் இடமாயிற்று. அக்கால மாவட்ட ஆட்சியர் ஜான் பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்க்க முனைந்தார். 1830களின் பிற்பகுதியில் தொடங்கி 1840களில் இப்பணி நடந்தது. மதிலை இடித்து அகழியை நிரப்ப முன்வருவோருக்கே அந்நிலத்தை வழங்குவது என்பது அவர் கண்ட வழி. இவ்வாறு உருவான வெளிவீதிகளும், பணியில் பங்கேற்ற நில அளவையாளர் மாரட், மேஸ்திரி பெருமாள் ஆகியோர் பெயரால் வழங்கும் வீதிகளும் இன்றும் நகரின் முதன்மைத் தெருக்கள்.

இம்முறையைப் போற்றிப் பேசுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆள்பலமும் பொருள்பலமும் உடையோர்க்கே அது வாய்ப்பளித்திருக்கும். பொது நிலம் தனியார் கைக்குச் சென்றது என்பதும் உண்மை. எனினும் அதன் அமைப்பைக் கூர்ந்து நோக்கலாம். புதிதாகக் குடியேறுபவர் தரும் விலை உழைப்பு. அவ்வுழைப்பு செலவாகும் இடம் அவர் குடியேறும் அதே இடம். பணி முடிந்த பின்னரே மனை அவருடையதாகிறது. ஆக, கட்டணம், கட்டணத்தின் பயன், குடியேற்றம் ஆகிய மூன்றும் ஓரிடத்தில், ஒரே காலத்தில் நிகழ்ந்தன.

இதற்கு இணையான மரபு நீர்ப்பாசனத்தில் நெடுங்காலம் நிலவியது. ஏரிப் பராமரிப்பின் பெயராலேயே ஏரி ஆயம் என்னும் வரி சோழர் காலக் கல்வெட்டுகளில் குறிக்கப்படுகிறது. பிற்காலத்தில் குடிமராமத்து என வழங்கிய முறையில், கண்மாய் நீரால் பயன்பெறும் குடிகளே வாய்க்காலைச் செப்பனிடவும் மதகைப் பேணவும் கடமைப்பட்டிருந்தனர். இக்கடமையைச் சட்டத்தின் வழி வலியுறுத்தச் சென்னை மாகாணத்தில் 1858ஆம் ஆண்டின் 1ஆம் சட்டம் இயற்றப்பட வேண்டியிருந்தது என்பதே மரபு தளர்ந்துவிட்டதற்குச் சான்று. ஆயினும், எந்தப் பணிக்காகப் பெறப்படுகிறதோ அப்பணியின் பெயரையே வரி தாங்கி நின்றது என்பது கருதத்தக்கது. எதற்காகக் கொடுக்கிறோம் என்பதைக் கொடுப்பவர் அப்பெயரிலேயே அறிந்திருந்தார்.

1920ஆம் ஆண்டுச் சட்டம்: மதிப்பு உயர்வில் பங்கு

மதுரை 1866இல் நகராட்சியாயிற்று. நகராட்சியின் வருவாய் பெரும்பாலும் வீட்டுவரி, தொழில்வரி, சுங்கம் ஆகியவற்றைச் சார்ந்திருந்தது. இவை நகரில் உள்ள அனைவர் மீதும் விழுந்தன. புதிதாக விரியும் பகுதிக்கெனத் தனி நிதி ஏதும் இல்லை. 1914-15இல் சென்னை மாகாண நகரங்களைப் பார்வையிட்ட பேட்ரிக் கெடிஸ் இந்திய நகரமைப்புச் சிந்தனையில் புதிய போக்கைத் தொடங்கிவைத்தார். 1915இல் பம்பாய் மாகாணமும் 1920இல் சென்னை மாகாணமும் நகரமைப்புச் சட்டங்களை இயற்றின.

சென்னைச் சட்டம் மேம்பாட்டுப் பங்களிப்பு என்னும் கருத்தைக் கொண்டிருந்தது. ஒரு நகரமைப்புத் திட்டத்தால் ஒருவரது நிலத்தின் மதிப்பு உயருமாயின், அவ்வுயர்வில் ஒரு பகுதியை நகராட்சி பெறலாம். சாலை பொதுப்பணத்தில் அமைகிறது. அதனால் நிலத்தின் விலை ஏறுகிறது. ஏறிய விலை முழுவதும் நில உடைமையாளருக்கே சேர்வது முறையன்று என்பது இதன் அடிப்படை. கட்டணம் இங்கே நிலப்பரப்பின் மீது விழவில்லை. பொதுச்செலவு உண்டாக்கிய ஆதாயத்தின் மீதே விழுந்தது. மேலும், அது வரையறுக்கப்பட்ட ஒரு திட்டப் பகுதியோடு பிணைக்கப்பட்டிருந்தது.

கோட்பாட்டில் செம்மையான இம்முறை நடைமுறையில் இடர்ப்பட்டது. திட்டத்துக்கு முந்திய மதிப்பு, பிந்திய மதிப்பு என இரு மதிப்பீடுகள் தேவை. மதிப்பு உயர்ந்தது திட்டத்தாலா, ஊரின் இயல்பான வளர்ச்சியாலா எனப் பிரித்துணர்வது எளிதன்று. ஒவ்வொரு மதிப்பீடும் வழக்குக்கு வழிவகுக்கும். திட்டம் முழுமை பெறும்வரை நகராட்சி காத்திருக்கவும் வேண்டும். எனவே பிற்காலச் சட்டமியற்றியோர் எளிதில் கணக்கிடத்தக்க ஒன்றை நாடியது வியப்பன்று.

1971, 2007: பரப்பின் மீது கட்டணம்

1971ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. நிலத்தின் அல்லது கட்டடத்தின் பயன்பாட்டைத் தொடங்கும்போதோ, மாற்றும்போதோ, அதில் கட்டுமானம் மேற்கொள்ளும்போதோ வளர்ச்சிக் கட்டணம் விதிக்க அதன் 59ஆம் பிரிவு வகை செய்கிறது. பயன்பாட்டு வகைக்கு ஏற்ப, பரப்பளவைக் கொண்டு கட்டணம் கணக்கிடப்படுகிறது.

இதே பெயருடைய கட்டணம் இங்கிலாந்தில் 1947ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தால் கொண்டுவரப்பட்டது. ஆனால் அங்கு அது அனுமதியால் விளையும் மதிப்பு உயர்வு முழுவதையும், அதாவது 100 விழுக்காட்டையும், அரசுக்கு உரியதாக்கியது. நில விற்பனை மந்தமடைந்ததால் 1953இல் அது கைவிடப்பட்டது. தமிழ்நாட்டில் பெயர் அதுவே எனினும் பொருள் வேறு. மதிப்பு உயர்வை அளக்கும் முயற்சி இங்குக் கைவிடப்பட்டுச் சதுர மீட்டர் அளவுகோலாயிற்று. இதனால் நிருவாகம் எளிமை பெற்றது. அதே வேளையில் கட்டணத்துக்கும் அக்கட்டுமானம் உண்டாக்கும் செலவுக்கும் இடையிலான கணக்கு மறைந்தது.

2007இல் இச்சட்டம் திருத்தப்பட்டு உட்கட்டமைப்பு மற்றும் வசதிகள் கட்டணம் சேர்க்கப்பட்டது. 2008இல் அதற்கான விதிகள் வந்தன. பல மாடிக் கட்டடங்கள், பெரிய வணிகக் கட்டடங்கள் முதலான வகைகளின் மீது இது விதிக்கப்படுகிறது. இத்தொகை மாநில அளவிலான நிதியத்தில் சேர்கிறது. எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு என்னும் முடிவு மாநில அளவிலான குழுவிடம் உள்ளது. பெரிய குடிநீர்த் திட்டங்களும் போக்குவரத்துத் திட்டங்களும் ஓர் உள்ளாட்சியின் எல்லைக்குள் அடங்குவதில்லை என்பது இதற்குச் சொல்லத்தக்க நியாயம். அந்நியாயம் வலுவுடையதே. ஆயினும், ஒரு கட்டடத்துக்காகப் பெறப்பட்ட தொகை அது நிற்கும் ஊருக்குத் திரும்பும் என்னும் உறுதியை இவ்வமைப்பு தரவில்லை. 19ஆம் நூற்றாண்டு அகழி நிலத்தில் ஒன்றாயிருந்த செலவிடமும் குடியேறும் இடமும் இங்குப் பிரிந்துவிட்டன. இதனை இடப்பிளவு எனலாம்.

மதுரையின் எல்லை விரிவு இப்பிளவை மேலும் சிக்கலாக்கியது. 1971இல் மாநகராட்சியான மதுரை, ஏறத்தாழ 52 சதுர கிலோமீட்டர் பரப்பும் 72 வார்டுகளும் கொண்டிருந்தது. ஆனையூர், திருப்பரங்குன்றம், அவனியாபுரம் ஆகிய நகராட்சிகளும், சில பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் இணைக்கப்பட்டபின் 2011இல் அது ஏறத்தாழ 148 சதுர கிலோமீட்டரும் 100 வார்டுகளும் உடையதாயிற்று. கீழக்குயில்குடி போன்ற ஊர்கள் அவ்வெல்லைக்கு வெளியே ஊராட்சிகளாக நின்றன. ஆனால் வீடுகள் எல்லைக்கோட்டில் நிற்கவில்லை. நாகமலை புதுக்கோட்டை வழியே செல்லும் தேனி சாலையும், 1966இல் நிறுவப்பட்ட மதுரைப் பல்கலைக்கழகமும் நகரின் மேற்குப் பக்கத்தை நெடுங்காலமாகவே குடியிருப்புக்கு ஈர்த்துவந்தன. நகரத்தின் வேலைவாய்ப்பையும் நிலவிலையையும் சார்ந்து வளரும் வீடுகளுக்கு ஊராட்சியின் வருவாயைக் கொண்டு வசதி செய்ய வேண்டிய நிலை உருவாயிற்று.

நிலமாகப் பெறும் கட்டணம்: திறந்தவெளி ஒதுக்கீடு

பணமாகப் பெறும் கட்டணத்தோடு நிலமாகப் பெறும் பங்கும் நம் சட்டத்தில் உண்டு. மனைப்பிரிவில் அமையும் சாலைகளையும் பூங்காவுக்கான இடத்தையும் மனைப்பிரிவாளர் தான ஆவணத்தின் வழி உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, சாலை நீங்கலான பரப்பு 3,000 சதுர மீட்டருக்கு உட்பட்டால் ஒதுக்கீடு தேவையில்லை. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை 10 விழுக்காடு நிலம் தர வேண்டும். இயலாதபோது வழிகாட்டி மதிப்பின்படி பணம் செலுத்தலாம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டால் நிலமாகவே தர வேண்டும்.

பிளாக்பர்ன் கால முறைக்கு மிக அணுக்கமானது இதுவே. ஏனெனில், பெறப்படும் பங்கு அவ்விடத்திலேயே தங்குகிறது. 2023 பிப்ரவரியில் வசந்த் அடுக்கக உரிமையாளர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் சென்னைப் பெருநகருக்கான இத்தகைய ஒதுக்கீட்டு விதியைச் செல்லும் என உறுதிசெய்தது. இழப்பீடின்றி நிலம் பெறுவது சொத்துரிமையைப் பறிப்பதாகாதா என்னும் வாதம் அவ்வழக்கில் விரிவாக ஆராயப்பட்டது.

ஆனால் விதியின் எல்லைக்கோடு தனக்கே உரிய விளைவை உண்டாக்கவல்லது. ஓர் எடுத்துக்காட்டாக, சாலை நீங்கலாக 8,700 சதுர மீட்டர் நிலத்தை ஒரே மனைப்பிரிவாகப் பிரித்தால் ஏறத்தாழ 870 சதுர மீட்டர் பொதுவெளி கிடைக்கும். அதே நிலம் வெவ்வேறு பெயர்களில், ஒவ்வொன்றும் 2,900 சதுர மீட்டராக மூன்று மனைப்பிரிவுகளாயின், பொதுவெளி ஏதும் வாராது. வீடுகளின் எண்ணிக்கையும் மழைநீர்ச் சுமையும் இரு நிலையிலும் ஒன்றே. சிறுசிறு புன்செய்த் துண்டுகளாக நிலவுடைமை அமைந்த வட்டாரங்களில் இவ்வேறுபாடு ஊரின் முகத்தையே தீர்மானித்துவிடும்.

2016–2017: காலம் கடந்த கட்டணம்

அனுமதி பெற்ற மனைப்பிரிவுகளுக்கே மேற்கூறியவை பொருந்தும். தமிழ்நாட்டின் நகர விளிம்புகளில் பெருமளவு நிலம் அனுமதியின்றியே மனைகளாக விற்கப்பட்டது. வரப்பை அழித்து, கல் நட்டு, மண்பாதை விட்டு, பத்திரம் பதிந்து கொடுத்தால் விற்பனை முடிந்தது. வளர்ச்சிக் கட்டணமும் பூங்கா நிலமும் விலையில் சேராததால் மனை மலிவாகக் கிடைத்தது. நாட்கூலியும் சிறு சம்பளமும் பெறுவோர் சொந்த வீடு காண இதுவே வழியாயிருந்தது என்பதை மறுக்கவியலாது.

2016 செப்டம்பர் 9இல் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியற்ற மனைகளின் பதிவைத் தடுத்து ஆணையிட்டது. விளைநிலங்கள் வரைமுறையின்றி மனைகளாவது அவ்வழக்கின் மையக் கவலை. அதனைத் தொடர்ந்து 2017 மே 4இல் அங்கீகாரமற்ற மனைகள் மற்றும் மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்தும் விதிகள் வெளியாயின. 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைப்பிரிவுகள் கட்டணம் செலுத்தி வரன்முறை பெறலாம் என்பது அவற்றின் சாரம். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என உள்ளாட்சியின் தரத்துக்கேற்பக் கட்டணம் வகுக்கப்பட்டது. ஊராட்சிப் பகுதிக்குக் குறைந்த விகிதம். பின்னர் விகிதங்கள் குறைக்கப்பட்டதோடு, விண்ணப்பிக்கும் காலமும் பலமுறை நீட்டிக்கப்பட்டது.

இங்கு இரண்டாவது பிளவைக் காண்கிறோம். கட்டணத்துக்கு உரிய தருணம் நிலம் மனையாகும் தருணம். அப்போதுதான் விற்பவரிடம் ஆதாயம் உள்ளது. சாலையின் அகலத்தையும் வடிகாலின் போக்கையும் மாற்றியமைக்க இடமும் உள்ளது. வரன்முறை முறையில் கட்டணம் பல ஆண்டு கழித்து வருகிறது. விற்றவர் விலகிச் சென்றுவிட்டார். செலுத்துபவர் மனை வாங்கியவர். அவர் பெறுவது சாலையோ வடிகாலோ அன்று. தம் மனையை மீண்டும் விற்கவும், வங்கிக் கடன் பெறவும், வீடு கட்ட அனுமதி பெறவும் உரிய தகுதியே. கட்டணத்தின் பெயர் வளர்ச்சிக் கட்டணமாக இருப்பினும், செயலில் அது தடைநீக்கக் கட்டணமாகிறது. இதனைக் காலப்பிளவு எனலாம். பூங்காவுக்குரிய இடம் ஏற்கெனவே மனையாகி விற்கப்பட்டுவிட்ட இடத்தில், பணம் எவ்வளவு சேர்ந்தாலும் அந்நிலத்தை மீட்க முடியாது.

தரத்துக்கேற்ற விகிதமும் ஆய்வுக்குரியது. ஊராட்சிகளில் வாங்குவோரின் வருவாய் குறைவு, நிலமதிப்பும் குறைவு என்பதால் விகிதம் குறைக்கப்பட்டது. இரக்க உணர்வில் இது சரியானதே. செலவின் நோக்கில் நிலைமை மாறுபடுகிறது. மாநகராட்சிக்குள் ஒரு புதிய மனைக்கு அருகிலேயே குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் இருக்கக்கூடும். ஊராட்சியிலோ அவற்றை நெடுந்தொலைவிலிருந்து கொணர வேண்டும். பல இடங்களில் முதன்முதலாக அமைக்க வேண்டும். எங்குச் செலவு மிகுதியோ அங்குக் கட்டணம் குறைவு. இவ்விடைவெளியை நிரப்ப மாநில நிதி வாராதெனின், வீடுகள் பெருகியும் வசதிகள் பெருகாத ஊர்களே எஞ்சும்.

கணக்கில் வராத கண்மாய்

மூன்றாவது பிளவு பொருள் சார்ந்தது. மதுரைச் சமவெளி கண்மாய்களின் தொடரால் ஆனது. ஒரு கண்மாயின் மறுகால் நீர் அடுத்த கண்மாயின் வரத்தாகும். மலையடிவார ஊர்களில் மழைநீர் சரிவில் இறங்கி ஓடைகளின் வழியே கண்மாயைச் சேர்கிறது. இவ்வமைப்பில் ஒரு புன்செய் மனைப்பிரிவானால் மூன்று விளைவுகள் நிகழ்கின்றன. மண்ணில் ஊறிய நீர் தரைமேல் ஓடத் தொடங்குகிறது. வரத்துக்கால் குறுகுகிறது அல்லது தெருவாகிறது. ஆயக்கட்டுக் குறைவதால் கண்மாயைப் பேணும் அக்கறையுடையோர் குறைகின்றனர். பாசனக் குடிகள் இருந்தவரை கண்மாய்க்குக் காவலர் இருந்தனர். ஆயக்கட்டு மனையானபின் கண்மாய் வெற்றிடமாகத் தோற்றமளிக்கிறது. மதுரையில் உலகனேரி போன்ற நீர்நிலைகள் பொதுக்கட்டடங்களுக்கு இடமானதை நகர வரலாறு அறியும்.

நம் கட்டண முறை நிலத்தைச் சதுர மீட்டராக மட்டுமே அறிகிறது. மேட்டுநிலத்தில் அமையும் 1,000 சதுர மீட்டரும் வரத்துக்காலை ஒட்டி அமையும் 1,000 சதுர மீட்டரும் அதற்கு ஒன்றே. நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று, நீர்நிலைப் புறம்போக்குத் தடை ஆகியவை ஆக்கிரமிப்பைத் தடுக்க முயல்கின்றன. ஆனால் சட்டப்படி அமைந்த பட்டா நிலத்து மனைப்பிரிவு கண்மாய்க்கு உண்டாக்கும் சுமைக்கு எந்தக் கட்டணத் தலைப்பும் இல்லை. ஏரி ஆயம் என்னும் பெயரில் வரி வாங்கிய நாட்டில், ஏரியின் சுமையைக் கணக்கில் கொள்ளும் வீட்டுமனைக் கட்டணம் இல்லை என்பது எண்ணத்தக்கது.

கீழக்குயில்குடியில் இதனோடு தொல்லியல் அக்கறையும் சேர்கிறது. சமணர்மலைச் சின்னங்கள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. 2010ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை கட்டுமானம் தடைசெய்யப்பட்டது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை ஒழுங்குமுறைக்கு உட்பட்டது. இவ்வரம்பு சின்னத்தைக் காக்கிறது. அதனால் தம் நிலத்தை மனையாக்க இயலாத உழவருக்கும், எல்லைக்குச் சற்று அப்பால் மலைக்காட்சியைச் சொல்லியே மனை விற்பவருக்கும் இடையே ஆதாயம் சமமின்றிப் பங்காவதை அது கருதுவதில்லை. மேம்பாட்டுப் பங்களிப்பு என 1920இல் எண்ணப்பட்ட கருத்து இத்தகைய இடங்களுக்கே மிகப் பொருந்தும்.

கட்டணமா, வரியா: நீதிமன்றங்களின் அளவுகோல்

இப்பிளவுகள் வெறும் நிருவாகக் குறைகளா, சட்ட நோக்கிலும் பொருளுடையவையா? 1954இல் சென்னை மாகாணத்திலிருந்து சென்ற சிரூர் மட வழக்கில் உச்ச நீதிமன்றம் வரிக்கும் கட்டணத்துக்கும் உள்ள வேறுபாட்டை வரையறுத்தது. வரி பொதுநலத்துக்காகக் கட்டாயமாகப் பெறப்படுவது. கட்டணம் குறிப்பிட்ட சேவையின் பொருட்டுப் பெறப்படுவது. பிற்காலத் தீர்ப்புகள் இவ்வளவுகோலைத் தளர்த்தின. செலுத்துபவர் ஒவ்வொருவருக்கும் சரிசமமான சேவை கிடைத்தாக வேண்டும் என்பதில்லை. பொதுவான தொடர்பு இருந்தால் போதும் என்னும் நிலை உருவாயிற்று. மாநில நிதியத்தில் சேரும் கட்டணங்கள் இத்தளர்வின் நிழலிலேயே நிற்கின்றன.

அமெரிக்காவில் இதே வினா வேறு திசையில் நகர்ந்தது. கலிபோர்னியாவின் எல் டொராடோ மாவட்டத்தில், தம் நிலத்தில் சிறிய ஆயத்த வீடொன்றை அமைக்க விரும்பிய ஒருவரிடம் சாலைப் போக்குவரத்துத் தாக்கக் கட்டணமாக 23,420 டாலர் பெறப்பட்டது. அவ்வீடு உண்மையில் எவ்வளவு போக்குவரத்தை உண்டாக்கும் எனத் தனியே கணக்கிடப்படவில்லை. வட்டாரமும் கட்டட வகையும் கொண்ட அட்டவணையே விகிதத்தைத் தந்தது. 2024 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், சட்டமன்ற வகை ஆணையால் விதிக்கப்பட்டது என்பதாலேயே ஒரு கட்டணம் தொடர்பு, விகிதப் பொருத்தம் ஆகிய சோதனைகளிலிருந்து தப்ப முடியாது என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அட்டவணைக் கட்டணம் செல்லுமா என்பதை அது முடிவுசெய்யாமல், கீழ்நீதிமன்றத்தின் ஆய்வுக்கு அனுப்பியது.

அந்நாட்டுச் சொத்துரிமைக் கோட்பாடு நமக்கு அப்படியே பொருந்தாது. தனிமனைதோறும் தாக்கத்தைக் கணக்கிடுவது நம் ஊராட்சிகளால் இயலாத பணி. எனினும் அவ்வழக்கின் வினாவை நாம் வேறு வகையில் எழுப்பலாம். செலுத்துபவரின் உரிமையாக மட்டுமன்றி, வீடுகள் எழும்பும் ஊரின் உரிமையாகவும் தொடர்பு, விகிதம் ஆகியவற்றைக் கருதலாம். ஓர் ஊரின் நீரையும் வழியையும் பயன்படுத்தும் வளர்ச்சிக்காகப் பெறப்படும் தொகையில் அவ்வூருக்குரிய பங்கு எது என்பதே அவ்வினா.

விவாதம்

கட்டணமே கூடாது என்னும் வாதமும் உண்டு. கட்டணம் வீட்டின் விலையை உயர்த்தும். ஏழை மனை வாங்க இயலாது. ஆகவே பொதுவரியிலிருந்து வசதி செய்வதே நியாயம் என்பர். இவ்வாதம் புறந்தள்ளத்தக்கதன்று. ஆனால் கட்டணம் எப்போது விதிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே அதன் சுமை யார்மீது விழும் என்பது அமைகிறது. நிலம் மனையாகும் முன்பே, அனைவரும் அறிந்த விகிதத்தில் கட்டணம் நிலவுமாயின், மனைப்பிரிவாளர் நிலத்துக்குத் தரும் விலையில் அதைக் கழித்துக்கொள்ள வாய்ப்புண்டு. மனை விற்றபின் விதிக்கப்படும் கட்டணத்தை வாங்கியவரைத் தவிர வேறெவரும் ஏற்க வழியில்லை. எளியோரைக் காக்க விரும்புவோர் முதலில் எதிர்க்க வேண்டியது காலப்பிளவையே.

பொதுவரியில் புதுவளர்ச்சியின் பங்கு முற்றிலும் இல்லை என்றும் கூறவியலாது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் விற்பனை ஆவணத்துக்கு முத்திரைத் தீர்வை 5 விழுக்காடும், சொத்து மாற்றத்தின் மீதான மிகுவரி 2 விழுக்காடும், பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் பெறப்படுகின்றன. மிகுவரி உள்ளாட்சிகளுக்கென விதிக்கப்படுவது. 10 லட்சம் ரூபாய் மதிப்புள்ள மனைக்கு அது 20,000 ரூபாய். ஆயினும் இது பழைய வீட்டின் மறுவிற்பனைக்கும் புதிய மனைக்கும் ஒன்றாகவே விழுகிறது. வளர்ச்சியின் அளவை அது பின்தொடர்கிறதே தவிர, வளர்ச்சியின் இயல்பை அறிவதில்லை.

2024 முதல் நடைமுறைக்கு வந்த தற்சான்று முறை, 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடிக்கு உட்பட்ட வீடு கட்ட இணையவழியில் உடனடி அனுமதி தருகிறது. பல கட்டணங்கள் ஒன்றாக்கப்பட்டு ஒரே தொகையாகப் பெறப்படுகின்றன. அலைச்சலும் இடைத்தரகும் குறைவது பெரும் நன்மை. அதே வேளையில், அத்தொகையில் எது ஆய்வுக்கு, எது சாலைக்கு, எது நீருக்கு என்னும் பகுப்பு செலுத்துபவரின் கண்ணிலிருந்து மறைகிறது. வரியின் பெயரே அதன் பயனைச் சொன்ன காலத்திலிருந்து நாம் வந்த தொலைவை இது காட்டுகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. மதுரை வட்டாரத்தில் புதுக்குடியிருப்பின் பொதுச்செலவை ஏற்கும் முறை, இடத்திலேயே உழைப்பாகத் தருதல், மதிப்பு உயர்வில் பங்கு, பரப்பின் மீது கட்டணம், பிற்கால வரன்முறைக் கட்டணம் என நான்கு நிலைகளைக் கடந்துள்ளது.

2. ஒவ்வொரு நிலையிலும் நிருவாக எளிமை கூடியது. செலுத்தும் தொகைக்கும் அதன் பயனுக்கும் இடையிலான உறவு தளர்ந்தது. இத்தளர்வு இடம், காலம், பொருள் என்னும் மூன்று பிளவுகளாக வெளிப்படுகிறது.

3. நிலமாகப் பெறும் திறந்தவெளி ஒதுக்கீடு இடப்பிளவுக்கு உட்படாத ஒரே முறையாக எஞ்சியுள்ளது. 3,000 சதுர மீட்டர் எல்லைக்கோட்டை அடுத்தடுத்த மனைப்பிரிவுகளைச் சேர்த்துக் கணக்கிடுமாறு திருத்தினால் அதன் பயன் கூடும்.

4. உள்ளாட்சியின் தரத்தை மட்டும் கொண்டு விகிதம் வகுப்பது, செலவு மிகுந்த விளிம்பு ஊர்களை வருவாய் குறைந்தவையாக்குகிறது. குறைந்த விகிதத்தைத் தக்கவைத்துக்கொண்டே, மாநில நிதியத்திலிருந்து அவ்வூர்களுக்கு உரிய பங்கைச் சட்டத்தால் உறுதிசெய்வது இதற்கு ஒரு வழி.

5. கண்மாய் வரத்துப் பகுதியில் அமையும் மனைப்பிரிவுகளுக்கு, நீர்வழிப் பராமரிப்பு என்னும் தனித்தலைப்பில், அக்கண்மாய்க்கே செலவிடத்தக்க பங்களிப்பை வகுக்கலாம். குடிமராமத்தின் பயன்பெறுவோர் மாறியுள்ளனர். பராமரிப்பின் தேவை மாறவில்லை.

1914க்கு முன் நகரத்து வீடுகளின் காவற்கூலி கீழக்குயில்குடிக்கு வந்தது. இன்று நகரத்து வீடுகளே அவ்வூரின் எல்லைக்கு வருகின்றன. அவற்றுக்கான கட்டணத்தில் ஊருக்குரிய பங்கைச் சட்டம் இன்னும் தெளிவாகச் சொல்லவில்லை. ஊராட்சிக் கணக்கேடுகள், மனைப்பிரிவுத் தான ஆவணங்கள், கண்மாய் ஆயக்கட்டுப் பதிவுகள் ஆகிய மூன்றையும் ஓர் ஊரளவில் இணைத்து ஆராய்வது இத்துறையில் அடுத்துச் செய்யத்தக்க பணியாகும்.